கம்பம் ஏறும் தம்பிகளுக்கு



நாளைக் காலை ஒன்பது மணிக்கு உங்களில் பலருக்கு ஷட்டவுன் இருக்கும். பேப்பரில் 'மின்தடை' என்று தலைப்புப் போட்டு ஊர்ப் பெயர்களை வரிசையாக அடித்திருப்பார்கள். ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டு மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றி, மாவை முன்கூட்டியே ஆட்டி வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அது ஒரு பகல் நேரப் புழுக்கம், அவ்வளவுதான். உங்களுக்கோ, கம்பத்து உச்சியில் பெல்ட்டில் தொங்கிக்கொண்டு பதினோராயிரம் வோல்ட் ஓடிய கம்பியைக் கையால் பிடிக்கிற நாள்.

நான் ஹெல்பராகச் சேர்ந்து, வயர்மேனாகி, லைன் இன்ஸ்பெக்டராகி, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். முப்பத்து நான்கு வருஷம். இத்தனை காலத்தில் என்னோடு கம்பம் ஏறியவர்களில் மூன்று பேரின் வீட்டுக்கு மாலையோடு போயிருக்கிறேன். மூன்று பேருமே வேலை தெரிந்தவர்கள். குடித்துவிட்டு ஏறியவர்களோ வீம்புக்கு ஏறியவர்களோ இல்லை. ஒருவர் எனக்கே ஜம்பர் கட்டச் சொல்லிக்கொடுத்தவர். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. விபத்துச் செய்தி கேட்டதும் 'அவன் கொஞ்சம் அசால்ட்டான ஆளு' என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். அப்படிச் சொன்னால் நமக்கு அது நடக்காது என்று ஒரு தெம்பு வருகிறது. அந்தத் தெம்பு வேண்டாம் தம்பி.

நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். வெளியில் அதிகம் சொன்னதில்லை.

ஐப்பசி மாதம். அடைமழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். ஊருக்கு வெளியே வயலோரக் கம்பம் ஒன்றில் ஜம்பர் எரிந்து ஒரு பேஸ் போயிருந்தது. அந்த லைனில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளை அழைப்புக்கு நேரமாகிறது என்று நான்கைந்து பேர் பைக்கில் பின்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார்கள். அப்போது செல்போன் கிடையாது. லைனை நிறுத்தி வேலைக்கு அனுமதி கொடுக்கும் எல்.சி.க்காக, பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து துணை மின்நிலையத்துக்குப் பேசினேன். மழை ஈரத்தில் போன் கரகரவென்றது. "மேலத்தெரு பீடருக்கு எல்.சி. வேணும்" என்றேன். ஆபரேட்டர், "சரி, அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடு" என்றார். கூப்பிட்டேன். "ஆஃப் பண்ணியாச்சு, நம்பர் குறிச்சுக்கோ" என்றார். குறித்துக்கொண்டேன். ஓடி வந்து, "லைன் ஆஃப்ணே, ஏறுங்க" என்றேன்.

எங்கள் வயர்மேன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். மெதுவாகப் பெல்ட்டை மாட்டினார். எர்த் ராடை எடுத்து, அதன் எர்த் முனையைக் கீழே பைப்பில் கிளாம்ப் வைத்து முடுக்கினார். இழுத்துப் பார்த்தார். மறுபடியும் முடுக்கினார். எனக்குப் பொறுமை இல்லை. "மழை திரும்ப வர்ற மாதிரி இருக்குண்ணே, ராடெல்லாம் வேணுமா, எல்.சி.தான் வாங்கியாச்சே" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஏறினார். கம்பிக்கு எட்டாத தூரத்தில் நின்று பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ராடை உயர்த்திக் கம்பியில் மாட்டினார்.

நீல வெளிச்சம். டமார் என்று ஒரு சத்தம், வயல் முழுக்க எதிரொலித்தது. பிறகு இருட்டு. அந்த இருட்டில்தான் திரும்பிப் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால் அதுவரை ஊர் விளக்குகள் எரிந்துகொண்டிருந்திருக்கின்றன. ராடு பட்டுப் பிரேக்கர் விழுந்த பிறகுதான் அவை அணைந்தன. ஒரு தடவை தலையைத் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும். நான் திருப்பவில்லை. அந்த அளவுக்கு எனக்கு நிச்சயமாக இருந்தது.

எங்கள் துணை மின்நிலையத்தில் மேலத்தெரு பீடர் என்று ஒன்று, மேட்டுத்தெரு பீடர் என்று ஒன்று. நான் மேலத்தெரு என்று சொன்னது அவர் காதில் மேட்டுத்தெரு என்று விழுந்திருக்கிறது. அவர் திருப்பிச் சொல்லவில்லை. நானும் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. அவர் ஒழுங்காகத்தான் ஆஃப் செய்திருந்தார், வேறொரு லைனை.

அண்ணன் இறங்கி வந்து வரப்பில் உட்கார்ந்தார். கை நடுங்கியது. ராடின் கொக்கி ஒரு பக்கம் உருகி மழுங்கிப் போயிருந்தது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "எந்த பீடர் கேட்டீங்க தம்பி?" என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றுவரை என்னை நீங்க, வாங்க என்று அவர் அழைத்ததில்லை.

தம்பிகளே, நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். சந்தேகம் இருக்கிறவன் தானாகவே ஜாக்கிரதையாக இருப்பான். 'ஆஃப் ஆகியிருக்கும்' என்று நன்றாகத் தெரிந்தவனுக்காகத்தான் டெஸ்டரும் ராடும் இருக்கின்றன. உங்களுக்கு எப்போது மிக நிச்சயமாகத் தோன்றுகிறதோ, அப்போது ராடைக் கையில் எடுங்கள். மூன்று பேஸையும் சேர்த்து, வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் போடுங்கள். மாட்டும்போது எர்த் முனை முதலில், கம்பி முனை பிறகு. கழற்றும்போது கம்பி முனை முதலில், எர்த் முனை கடைசியில். இந்த வரிசை மாறினால் ராடே உங்களைக் கொன்றுவிடும். டெஸ்டரை நம்புவதற்கு முன் சப்ளை இருக்கிற இடத்தில் ஒரு தடவை காட்டி, அது கத்துகிறதா என்று பாருங்கள். பேட்டரி தீர்ந்த டெஸ்டர் எல்லாக் கம்பியையும் செத்த கம்பி என்றுதான் சொல்லும்.

ஏ.பி. ஸ்விட்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கீழே ஹேண்டிலை இழுத்துவிட்டால் மேலே மூன்று பிளேடும் திறந்துவிடும் என்று நினைக்கிறோம். புது ஸ்விட்சில் அப்படித்தான். பத்து வருஷம் மழையிலும் வெயிலிலும் கிடந்த ஸ்விட்சில் ஒரு பிளேடு கான்டாக்டோடு பிடித்துக்கொண்டு நிற்கும். ஹேண்டிலைப் பிளேடோடு இணைக்கும் ராடு வளையும், ஹேண்டில் முழுசாகக் கீழே வரும், பூட்டும் போடலாம். மேலே இரண்டு பேஸ் திறந்து மூன்றாவது அப்படியே இருக்கும். கீழே நின்று நிமிர்ந்து பார்த்தால் வெயில் கண்ணில் அடிக்கும், நடுப் பிளேடு பக்கத்துப் பிளேடுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். இரண்டு பக்கமும் நடந்து போய், ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை நீட்டி எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் கான்டாக்டுக்கும் நடுவில் வானம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அது திறக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் திறந்த பிறகும் கம்பியில் கரண்ட் வரும். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். ஷட்டவுன் நாளில் ஏதோ ஒரு கடைக்காரர் ஜெனரேட்டர் போடுகிறார். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் ஒழுங்காக இல்லை. அந்தக் கரண்ட் சர்வீஸ் வயர் வழியாக, வீடுகளுக்குப் போகும் எல்.டி. லைனுக்கு வந்து, டிரான்ஸ்ஃபார்மருக்குள் பின்பக்கமாக நுழைகிறது. மேலிருந்து கீழே பதினோராயிரத்தை நானூற்றுச் சொச்சமாகக் குறைக்கிற அதே டிரான்ஸ்ஃபார்மர், கீழிருந்து வந்தால் அதே கணக்கில் ஏற்றிக் கொடுக்கும். கடையில் 230 வோல்ட், உங்கள் கையில் ஆயிரக்கணக்கில். எல்.சி. கொடுத்த ஆபரேட்டருக்கு இது தெரிய வழியே இல்லை. பக்கத்தில் இணையாக ஓடும் பெரிய லைனிலிருந்து தூண்டலாகவும் வரும். எங்கோ தூரத்தில் இடி விழுந்தாலும் வரும். இதற்கெல்லாம் ஒரே பதில் அந்த ராடுதான்.

'எல்.டி.தானே' என்ற பேச்சை நீங்கள் விட வேண்டும். பழைய அறுபது வாட் குண்டு பல்பு நினைவிருக்கிறதா? அது எரிய 260 மில்லி ஆம்பியர் வேண்டும். அதில் பாதிகூட வேண்டாம், 100 மில்லி ஆம்பியர் சில விநாடி நெஞ்சு வழியாகப் போனால் இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும். வீட்டுக்கு மாட்டுகிற ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியரிலேயே விழும்படி வைத்திருப்பது அதனால்தான். சித்திரை வெயிலில் வேர்த்து ஊறிய உள்ளங்கையோடு, ராத்திரி ஃபியூஸ் ஆஃப் காலுக்குத் தனியாகப் போய், பீஸ் கட்டையைச் செல்போன் வெளிச்சத்தில் பிடுங்குகிறீர்களே, அந்த வேளைக்குத்தான் இதைச் சொல்கிறேன். தனியாகப் போகாதீர்கள். பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்தால் குறைந்தபட்சம் கட்டையால் தட்டிவிட்டு, நெஞ்சை அழுத்தவாவது முடியும்.

இனி பேச்சு. நம் தொழிலில் எத்தனையோ உயிர் போனில் சொல்லும் ஒரு வார்த்தையில் தொங்குகிறது. ரயில் எஞ்சினில் லோகோ பைலட்டும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னல் வரும்போதும் கையை நீட்டி அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் கண் இருக்கிறது, சிக்னலும் கண்ணுக்கு எதிரேதான் இருக்கிறது. இருந்தாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஜப்பான் ரயில்வேயில் இந்தப் பழக்கத்துக்கு ஷிசா கான்கோ என்று பெயர். அங்குள்ள ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் 1994ல் ஒரு சோதனை செய்து பார்த்தது. சுட்டிக்காட்டாமல், சொல்லாமல் செய்தபோது 100 செயலுக்கு 2.38 தவறு வந்தது. விரலால் சுட்டி வாயாலும் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தது. காசு செலவில்லாத ஒரு காரியம், தம்பி. கையும் வாயும் சேர்ந்து செய்யும்போது மனசு வேறு எங்கும் ஓட முடிவதில்லை.

ஆகவே எல்.சி. கேட்கும்போது பீடர் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். பீடர் பெயர், எத்தனை கே.வி., எந்த ஏ.பி. ஸ்விட்சிலிருந்து எந்தக் கம்பம் வரை, உங்கள் பெயர், எல்லாம் சொல்லுங்கள். அந்தப் பக்கம் அதை அப்படியே திருப்பிச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். அவர் 'சரி சரி' என்றால், "அண்ணே, நீங்க ஒரு தடவை சொல்லுங்க" என்று கேளுங்கள். கோபப்படுவார். படட்டும். நான் அன்று கேட்டிருந்தால் அண்ணன் வரப்பில் உட்கார்ந்து நடுங்கியிருக்க மாட்டார்.

வாயால் சொன்னதைத் தாளிலும் எழுத வேண்டும். எழுதிய தாள், அதைப் பார்க்க வேண்டிய கண்ணில் பட வேண்டும். ஒரு பாதுகாப்பு வகுப்பில் பொறியாளர் ஒருவர் பைப்பர் ஆல்ஃபா பற்றிச் சொன்னார். பிறகு அதைப் பற்றித் தேடி எடுத்துத் தரும்படி என் மகளிடம் சொல்லி, முழுக்கப் படித்தேன். ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் இருந்த எண்ணெய் மேடை அது. 1988 ஜூலை 6. அங்கே ஒரு பம்ப்பில் பாதுகாப்பு வால்வைச் சரிபார்க்கக் கழற்றியிருந்தார்கள். வேலை அன்றைக்குள் முடியவில்லை. குழாயின் வாயை ஒரு தகட்டால் தற்காலிகமாக மூடி, அனுமதித் தாளில் விஷயத்தை எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். ஷிப்ட் மாறியது. ராத்திரி இன்னொரு பம்ப் நின்றுபோனபோது, பணியில் இருந்தவர்கள் முதல் பம்ப்பை ஓட்டலாமா என்று தாளைத் தேடினார்கள். அதே பம்ப்புக்கு வேறொரு பராமரிப்பு வேலைக்கான தாள் கிடைத்தது, அந்த வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. வால்வு கழற்றிய தாள் அவர்கள் கண்ணில் படவில்லை. வாயாலும் யாரும் சொல்லியிருக்கவில்லை. பம்ப்பைப் போட்டார்கள். எரிவாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். பிறகு நடந்த விசாரணைக்குத் தலைமை தாங்கிய லார்ட் கல்லன் 106 பரிந்துரைகள் கொடுத்தார்.

அந்த மேடையில் அன்று ராத்திரி இருந்தவர்கள் நம்மைவிடப் படித்தவர்கள், நம்மைவிட நல்ல கருவி வைத்திருந்தவர்கள். நம் எல்.சி. தாளும் அவர்களுடைய அனுமதித் தாளும் ஒரே ஜாதி. ஒரே பீடரில் இரண்டு கேங் வேலை செய்தால் இரண்டு எல்.சி. வேண்டும், இரண்டும் திரும்பி வந்த பிறகுதான் சார்ஜ் பண்ண வேண்டும். எல்.சி. வாங்கியவரே திருப்பித் தர வேண்டும். 'நான் டீ குடிக்கப் போறேன், நீயே ரிட்டர்ன் பண்ணிடு' என்பது கூடாது. திருப்பித் தருவதற்கு முன் ஆட்களை எண்ணுங்கள், ராடுகளை எண்ணுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து எண்ணுங்கள். கம்பத்தின் அந்தப் பக்கம் மரக்கிளை வெட்டப் போன பையன் ஒருவன் எப்போதும் இருப்பான்.

களைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்து, டெல்டாவில் ஒரு லட்சத்துக்கு மேல் கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் போய், பள்ளிக்கூட வராந்தாவில் படுத்து, வயல் சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டார்கள். அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்கும். ஆனால் அப்படிப்பட்ட நாட்களில்தான் பதினாறு மணி நேரம் வேலை செய்தவனின் கை தானாகப் போய்க் கம்பியைத் தொடும். அவனுக்குத் தெரியும், ராடு போடவில்லை என்று. தெரிவதற்கும் கைக்கு அது போய்ச் சேர்வதற்கும் நடுவில் தூக்கம் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் இருப்பவன் கண் சிவந்து, கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொன்னால், அவனைக் கீழே நிறுத்துங்கள். கயிறு பிடிக்கட்டும். அதில் அவனுக்கு அவமானம் ஒன்றும் இல்லை.

இந்த மடல் மேலே இருக்கும் அதிகாரிகள் கைக்கும் போகும் என்று நினைக்கிறேன். ஐயா, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு ஆள் இறந்தால் அறிக்கையில் 'பணியாளரின் கவனக்குறைவு' என்று ஒரு வரி எழுதி ஃபைலை மூடுவது எளிது. செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. கிழிந்த கையுறையைக் கொடுத்தது யார், நான்கு பேர் செய்ய வேண்டியதற்கு இரண்டு பேரை அனுப்பியது யார், 'இன்னும் முடியலையா' என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் போட்டது யார் என்பதையும் அதே அறிக்கையில் எழுதுங்கள். கையுறை, பெல்ட், ஹெல்மெட், எர்த்திங் சாதனம், லைன் டெஸ்டர் எல்லாம் கொடுத்தே ஆக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறைகளே சொல்கின்றன. மனிதன் தவறு செய்வான். என்னைப் போல முப்பது வருஷம் இருந்தவனும் செய்வான். அவன் தவறு செய்த அந்த நொடியில் அவனைத் தாங்குவதற்கு ஒரு ராடாவது கையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். ஒப்பந்தக்காரர் கூட்டிவரும் பையன்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அவர்கள் செருப்பில்லாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பிகளே, உங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு கூச்சம் இருக்கும். சீனியர் 'ஏறுடா' என்கிறபோது 'அண்ணே, ராடு போட்டாச்சா' என்று கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமோ என்று. அன்று 'ஏறுங்க' என்று சொன்னவன் நான், என்னை நம்பாத ஒருவர் இருந்ததால்தான் இன்று நிம்மதியாகத் தூங்குகிறேன். அவர் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றுக்கும் போய்வருகிறேன். இரண்டு பேத்திகள் பிறந்துவிட்டார்கள். அவர் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி இதுவரை பேசியதில்லை, நானும் பேசியதில்லை. பரிமாறும்போது என் இலையில் மட்டும் இன்னொரு கரண்டி பாயசம் விழும்.

உங்கள் பிரிவில் இருக்கும் பீடர்களின் பெயர்களை நாளைக்கு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிறகு போனில் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். காதுக்கு ஒன்றுபோல் விழும் பெயர் இரண்டு இருந்தால், ஒன்றை மாற்றச் சொல்லி உடனே எழுதிக் கொடுங்கள். நாங்கள் கொடுத்தோம். மாற்ற ஏழு மாதம் ஆனது. அதுவரை மேட்டுத்தெருவை நாங்கள் போனில் 'தண்ணித்தொட்டி' என்றே சொன்னோம், ஏனென்றால் அந்த லைன் ஊராட்சித் தண்ணீர்த்தொட்டியை ஒட்டிப் போகிறது. பிறகு போர்டிலும் அதே பெயர் ஏறியது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், புதுசாகப் பெயின்ட் அடித்து 'தண்ணீர்த்தொட்டி பீடர்' என்று எழுதியிருந்தார்கள். அங்கிருந்த இளம் ஆபரேட்டரிடம் ஏன் இந்தப் பெயர் என்று கேட்டேன். "தெரியலைங்க ஐயா, ரொம்ப நாளா அப்படித்தான்" என்றார்.

அன்புடன்,
உங்களோடு கம்பம் ஏறிய ஒருவன்
(ஃபோர்மேன், ஓய்வு)